டாக்டரம்மா காரில் கரகர

ஏனுங்ணா, சித்தெ தள்ளி உக்காருங்க. ஆங், போதுமுங்க. இந்த டூல்பேக் கால்ல இடிக்குதுங்களா? மடியில வெச்சுக்கறேன். பொள்ளாச்சியில ஏறுனவன், உடுமலை வரைக்கும் நின்னுட்டேதான் வந்தேன். அம்மாவுக்கு மட்டும் முன்னாடி லேடீஸ் சீட்டு கெடச்சுப்போச்சு. நீங்களும் தாராபுரத்துக்குத்தானுங்களா? சரியாப் போச்சு, நானும் அங்கதான்.

அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா? தலைக்கு மேல அந்தப் பொட்டி பாடுதே, உங்க காதுக்கு எப்படிங்க இருக்குது? பாட்டு நல்லாருக்குதுங்கறீங்க. பாட்டு நல்லாத்தானுங்க இருக்கும், பாடுனவங்க நல்லாத்தான் பாடியிருப்பாங்க. நான் கேக்கறது அதில்லீங்க, அந்தக் கரகர. மேளம் வர்ற எடத்துல கவனியுங்க... இப்ப வரும்... இப்ப! தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்குனாப்புல. கேட்டுதுங்களா? இனி தாராபுரம் வரைக்கும் உங்களுக்குப் பாட்டே கேக்காது, அது மட்டுந்தான் கேக்கும். மன்னிச்சுக்குங்க. என்ற பொழப்பு அப்படி.

என்ற பேரு பூபதிங்க. பொள்ளாச்சியில, பல்லடம் ரோட்டுல, கார் ஆடியோக் கடை. காருக்குப் பாட்டுச் செட்டு, ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், எல்லாம் போட்டுத் தர்றது. எனக்குன்னு கார் இல்லீங்க. சிரிக்காதீங்க, எல்லாரும் இதுக்குத்தான் சிரிக்கறாங்க. ஊர்ல இருக்கற காரெல்லாம் என்ற கடைக்கு வருது, அப்பறம் எனக்கெதுக்குங்க கார்?

ஸ்பீக்கர்ல கோளாறுன்னு வந்தா, நான் வண்டிக்குள்ள உக்காந்து கண்ண மூடுவேனுங்க. அவ்வளவுதான். முன்னாடி இடது பக்கக் கதவா, பின்னாடி வலது பக்கமா, ஒயரு லூசா, உள்ள இருக்கற காகிதக் கோன் கிழிஞ்சிருக்குதா, சொல்லிப்போடுவேன். ஒருக்காப் பாத்து அனுப்புன வண்டி அதே கோளாறோட திரும்பி வந்ததா சரித்திரமே இல்லீங்க. அந்தப் பேரை நான் காப்பாத்தி வெச்சிருந்தேன். ஒரே ஒரு காரு வந்து அதைக் கெடுத்துப்போட்டுது. இப்பக்கூட அந்தக் காரைப் பாக்கத்தானுங்க போறேன், ஞாயித்துக்கெழம, கடைய மூடிட்டு, பஸ் ஏறி. என்ன கெரகமோ!

ஆரு காருங்கறீங்களா? ஒரு டாக்டரம்மாவுதுங்க. மாட்டு டாக்டர். தாரணின்னு பேரு. ஆனைமலைப் பக்கம் கால்நடை ஆஸ்பத்திரில இருக்காங்க. சொந்த ஊரு தாராபுரம். செவப்புக் கலரு சின்னக் காரு. தோட்டம் தோட்டமாப் போய் வைத்தியம் பாக்கறதால வண்டி பூரா செம்மண்ணும் சாணியுந்தான். ஆனா உள்ள பாட்டு இல்லாம ஒரு நிமிசம் ஓட்ட மாட்டாங்களாம்.

மொத மொதல்ல வந்தப்ப உண்மையாலுமே கோளாறுங்க. பேஸை, அதான் அந்த தும் தும் சத்தத்தை, ஒரேயடியா ஏத்தி, மத்ததையும் ஏத்தி, வால்யூமை முக்காலுக்கு மேல வெச்சிருந்தாங்க. கம்பெனில இருந்து வர்ற சின்ன ஸ்பீக்கரு, பாவம், அது என்னங்க பண்ணும்? நான் உள்ள உக்காந்து கண்ண மூடிக் கேட்டேன். கண்ணைத் தொறந்தா, பக்கத்து சீட்டுல அவங்க பாட்டைக் கேக்காம என்னையப் பாத்துட்டிருக்காங்க.

"மாட்டு வயித்துல ஸ்டெதாஸ்கோப் வெச்சுக் கேக்கறப்ப நானும் இப்படித்தாங்க கண்ண மூடிக்குவேன்"னு சொன்னாங்க.

எனக்கு ஆச்சரியமாப் போச்சுங்க. "அப்படீங்களா! அந்தக் கொழாயில பேஸ் நல்லாக் கேக்குமுங்களா?"ன்னு கேட்டேன்.

அவங்க சிரிச்சாங்க. எதுக்குன்னு தெரியலை. நான் பேஸைக் கொறச்சு, எல்லாத்தையும் நடுவுக்குக் கொண்டாந்து, "இதுக்கு மேல முறுக்காதீங்க"ன்னு சொல்லித் தாட்டி விட்டேன். பளிச்சுன்னு இருந்துது பாட்டு. முடிஞ்சுதுன்னுதானுங்க நெனைச்சேன்.

அடுத்த சனிக்கெழம வந்து நிக்கறாங்க. கரகர.

இப்ப ஒரு பக்கம் மட்டும். இதுக்கு ஒரு வழி இருக்குதுங்ணா. பேலன்ஸை ஒரே பக்கமாத் தள்ளி ஒவ்வொரு ஸ்பீக்கரா தனியாப் பாட விட்டுப் பாக்கோணும். எது கரகரங்குதோ அதுதான் குத்தவாளி. அப்படிப் பாத்தா முன்னாடி இடது கதவு. கதவுல ஸ்பீக்கரை மூடியிருக்கற சல்லடை ஜாலியைக் கழட்டறேன், உள்ள என்ன இருந்துச்சுங்கறீங்க? ஹேர்பின்னு! கறுப்பு ஹேர்பின்னு ஒண்ணு கோன் மேல குத்த வெச்சு உக்காந்திருக்குது. பாட்டுப் பாடப் பாட அது ஆடுது, கரகரங்குது.

"இது எப்படிங்க இதுக்குள்ள போச்சு?"ன்னேன்.

"தெரியலையேங்க, தானாப் போயிருக்கும்"னாங்க.

நான் ஜாலிக்குப் பின்னாடி வலை ஒட்டி விட்டேனுங்க. இனி ஹேர்பின்னு இல்ல, கொசு போகாது. தொழில்ல நான் அப்படி.

அதுக்கடுத்த சனிக்கெழம என்ன தெரியுங்களா? மறுபடி கரகர. நாலு ஸ்பீக்கரும்.

எனக்கு ரோசம் வந்துட்டுது. கடைப் பையனுகள் இல்லாதப்ப ஒத்தையாளா உக்காந்து நாலு கதவையும் பிரிச்சேன். கோனை நாலு வெரலால மெதுவா அமுக்கிப் பாத்தேன், உள்ள கம்பிக் காயில் உரசுதான்னு. உரசலை. மீட்டர் வெச்சேன், ஓம்னு கரண்டுத் தடை அளவு, அதுவும் சரியா இருக்குது. ஒயரு கதவு மடிப்புல நசுங்கியிருக்குதான்னு பாத்தேன், இல்லை. போன்ல இருந்து வர்ற பாட்டு மட்டமோன்னு பென்டிரைவைச் சொருகிப் பாத்தேன். எல்லாம் சரி. ஆனா செட்டுல பாத்தா, பேஸு மறுக்கா உச்சத்துல நிக்குது!

"நான்தான் முறுக்காதீங்கன்னு சொன்னேனேங்க?"

"கை பட்டிருக்கும்"னாங்க. அவங்களுக்குக் கவனம் பத்தாதுங்ணா. இத்தனை படிச்சும் இப்படி. நான் பொறுமைசாலி, அதனால உக்கார வெச்சு முழுசாச் சொல்லிக் குடுத்தேன். நீங்களும் கேட்டுக்குங்க, இது ஆருக்கும் சரியாத் தெரியறதில்லை.

செட்டு வாங்கற பொட்டி மேல அம்பது வாட்ஸுன்னு பெருசாப் போட்டிருப்பானுங்க. அது ஒரு நொடி கத்துனாக் கத்தற கத்தல். நாள் பூரா நின்னு நெதானமாப் பாடற தெம்புன்னா, பதினஞ்சு, எச்சாப் போனா இருவது. அந்தத் தெம்புக்குப் பேருதான் ஆர்எம்எஸ். ஒரு ஸ்பீக்கர் அறுபது தாங்கும்னு வெச்சுக்குங்க. செட்டு குடுக்கறதோ பதினெட்டு. நீங்க இன்னும் சத்தம் வேணும்னு முறுக்கறீங்க. செட்டுகிட்ட இல்லை. இல்லைன்னு சொல்ல அதுக்கு வாயும் இல்லை. மூச்சு முட்டி, சத்தத்தோட மேல்நுனியையும் கீழ்நுனியையும் வெட்டிப்போட்டு மொட்டையா அனுப்பும். அதானுங்க கரகர. எல்லாரும் வாட்ஸு எச்சானா ஸ்பீக்கர் எரியும்னு பயப்படறாங்க. தெம்பு பத்தாத செட்டைப் போட்டு முறுக்கறதுலயும் எரியுமுங்க. நான் எத்தனை பாத்திருக்கேன்!

டாக்டரம்மா கன்னத்துல கை வெச்சுட்டுக் கேட்டாங்க. கண்ணைச் சிமிட்டாம. அந்த மாதிரி ஆருமே என்ற பேச்சைக் கேட்டதில்லீங்க. கஸ்டமருங்க பாதில போனை எடுத்துக்குவாங்க. அம்மா பாதில தூங்கிருவாங்க. இவங்க கேட்டது மட்டுமில்லாம, "ஆர்எம்எஸ்னா என்னங்க, மறுக்காச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. சித்தெ முன்னாடித்தான் சொல்லி முடிச்சேன். மறதி.

அப்பறம் கேட்டாங்க, "அப்ப ஸ்பீக்கர் மேல தப்பில்லீங்களா?"

"இல்லீங்க. அது எவ்வளவு வேணாத் தாங்கும். குடுக்கறவன் குடுக்கோணும்."

"குடுக்கறவனுக்கே தன்கிட்ட எவ்வளவு இருக்குதுன்னு தெரியலைன்னா?"

"மீட்டர் வெச்சுப் பாத்துக்கலாமுங்க"ன்னேன்.

"ரெண்டு பேருக்கும் பொருந்தி வரோணும், அதானுங்க விசயம்?"னாங்க.

"ரெண்டு பேரு இல்லீங்க, ரெண்டு ஐட்டம்"னு திருத்துனேன். தொழில்ல வார்த்தை சுத்தமா இருக்கோணுமுங்க.

சரின்னு ஸ்பீக்கரையும் மாத்தி, ஆம்ப்ளிஃபையர் போட முடிவாச்சு. ஸ்பீக்கர் நாலு ஓம், அறுபது வாட்ஸு. அதுக்குப் பொருத்தமா, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நாலு ஓம்ல அறுபது சுத்தமாக் குடுக்கற ஆம்ப்ளிஃபையர். பேட்டரில இருந்து தனியாத் தடிமனான ஒயரு, பியூஸு. சீட்டுக்கடியில மாட்டி, அதுல கெயினுன்னு ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைக் கடுகு கடுகாத் திருப்பி, கரகர ஆரம்பிக்கற எடத்துக்குச் சித்தெ முன்னாடி நிறுத்துனேன். அண்ணா, அந்தக் கார்ல அன்னிக்குப் பாட்டு கேட்டிருக்கோணும் நீங்க. பாடறவங்க மூச்சு இழுக்கறது கேக்குதுங்க.

ஓட்டிப் பாக்கோணும்னாங்க. நியாயந்தான், இஞ்சின் ஓடறப்ப இரைச்சல் வருதான்னு பாக்கோணுமே. "முன்னாடி உக்காருங்க"ன்னாங்க. நான் பின்சீட்டுல ஏறுனேன். பின்னாடி ஸ்பீக்கரும் புதுசுதானுங்க, அதைப் பின்னாடி உக்காந்துதானே கேக்கோணும்? ஆழியாறு ரோட்டுல புளியமரத்து நெழல்ல கூட்டிட்டுப் போனாங்க. கண்ணாடில என்னையப் பாத்துப் பாத்து ஓட்டறாங்க. நான் "ரோட்டைப் பாருங்க"ன்னேன். எளநிக் கடையில நிறுத்தி ரெண்டு வாங்குனாங்க. "எறங்கி வாங்களேன், காத்து நல்லாருக்குது"ன்னாங்க. கதவைச் சாத்திட்டுக் கேட்டாத்தானுங்க ஸ்பீக்கரோட உண்மை தெரியும். நான் உள்ளயே இருந்துட்டேன். அவங்க வெளிய நின்னு ரெண்டு எளநியையும் அவங்களே குடிச்சுட்டு வந்தாங்க. தாகம் போல.

இடையில இன்னொண்ணு நடந்துதுங்க, அதையும் சொல்றேன். எங்கூட்டு மாடு நாலு நாளாத் தீனி எடுக்கலை. அம்மா மத்தியானம் கடைக்குச் சோறு கொண்டாந்தவங்க, அங்க நின்ன டாக்டரம்மாகிட்ட சொல்லிப்போட்டாங்க. கஸ்டமர்கிட்ட இதெல்லாம் பேசுவாங்களா? எனக்குக் கூச்சமாப் போச்சு. அவங்க பொழுதோட ஊட்டுக்கே வந்துட்டாங்க. மாட்டுக்கு என்னமோ ஊசி போட்டாங்க, வாயைத் தொறந்து பாத்தாங்க, தடவிக் குடுத்தாங்க. "வாயில்லாததுக சொல்லாதுங்க, நாமதான் புரிஞ்சுக்கோணும்"னு மாட்டுகிட்டச் சொல்லிட்டு என்னையப் பாத்தாங்க. நான் "ஆமாங்க"ன்னேன். அம்மா பணியாரம் சுட்டாங்க. ரெண்டு பேரும் அடுப்படியில உக்காந்து அத்தனை நேரம் என்ன பேசுனாங்களோ! நான் அந்த நேரத்தை வீணாக்கலை. வாசல்ல நின்ன அவங்க கார்ல, மெல்லிய சத்தம் பாடற குட்டி ஸ்பீக்கரு, ட்வீட்டரைக் கொஞ்சம் மேல பாக்கத் திருப்பி வெச்சேன். போறப்ப அவங்களுக்குச் சொல்லவும் இல்லை, தானாக் கண்டுபிடிக்கட்டும்னு.

கண்டுபிடிக்கலீங்க.

கண்டுபிடிக்காததுகூடப் பரவால்ல. அடுத்த சனிக்கெழம வந்து நிக்கறாங்க. மறுபடி கரகர!

அண்ணா, நான் ஒடஞ்சு போயிட்டேன். பொருத்தமான ஸ்பீக்கர், பொருத்தமான பவரு, சுத்தமான ஒயரு. இதுல கரகர வரக் காரணமே இல்லை. சீட்டுக்கடியில குனிஞ்சு பாத்தா, கெயின் ஸ்க்ரூ கடைசி வரைக்கும் திருகிக் கெடக்குது! அது தானாத் திரும்பாதுங்க. கை பட்டாலும் திரும்பாது. சின்ன ஸ்க்ரூடிரைவரைப் போட்டுத்தான் திருப்போணும்.

"ஆரோ திருப்பியிருக்காங்களேங்க"ன்னேன்.

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் பாத்தாங்க. மொகம் செவந்திருந்துது, வெய்யிலு அப்படி. "எலியா இருக்குமோ?"ன்னாங்க.

எனக்கும் அது நியாயமாப் பட்டுது. சாணி வாசம், தீவன மூட்டை வாசம், எலி வரத்தானே செய்யும்? ஆம்ப்ளிஃபையரைச் சுத்திக் கம்பி வலை கட்டி விட்டேன். அண்ணா, நீங்க எதுக்கு இருமறீங்க? தண்ணி இருக்குது, குடிக்கறீங்களா?

வலை கட்டுனதைப் பாத்துட்டு அவங்க வண்டில சாஞ்சு நின்னாங்க. சோந்து போனாப்புல இருந்துது. அப்பறம் மெல்லச் சொன்னாங்க: "இங்க நல்லாத்தான் இருக்குதுங்க. எங்கப்பா அம்மா ஊட்டு வாசல்ல கொண்டு போய் நிறுத்துனாத்தான் கரகரங்குது. நீங்க ஒருக்கா நேர்ல வந்து பாத்துருங்க."

தாராபுரத்துக்கா! எந்த மெக்கானிக்காவது போவானுங்களா? ஆனா என்ற வேலைங்க, என்ற பேரு. ஊட்டுக்குப் பக்கத்துல ஏதாச்சும் டவரு, கரண்டுக் கம்பி இருக்கும், அதுல இருந்து இரைச்சல் வரலாம், பாத்துருவோம்னு ஒத்துக்கிட்டேன்.

"அம்மாவையும் கூட்டிட்டு வாங்க"ன்னாங்க.

"அம்மா எதுக்குங்க?"

சித்தெ யோசிச்சாங்க. "பெரியவங்க காதுக்கு எப்படிக் கேக்குதுன்னு பாக்கோணுமில்லைங்க?"

அது சரியான பேச்சுங்க. வயசானா மெல்லிய சத்தமெல்லாம் காதுக்கு எட்டாது. எந்தக் கஸ்டமரும் இத்தனை தூரம் யோசிச்சதில்லை. எனக்கு அவங்க மேல ஒரு மரியாதையே வந்துட்டுது.

அம்மாகிட்டச் சொன்னா, எதுக்கு ஏதுன்னு கேக்கவே இல்லீங்க. மாட்டைப் பாத்துக்கப் பக்கத்தூட்டுல சொல்லி வெச்சாச்சு, விடியறதுக்குள்ள தலைக்குத் தண்ணி வாத்தாச்சு, என்னையும் எழுப்பிப் புதுச் சட்டை போடுன்னு ஒரே தொல்லை. காருக்கடியில படுக்கப் போறவனுக்குப் புதுச் சட்டை எதுக்குங்க? சண்டை வேண்டாம்னு போட்டுட்டேன்.

இருங்க, போன் வருது. அவங்கதான்.

"ஹலோ, சொல்லுங்க... ஆமாங்க, தாராபுரம் நெருங்கியாச்சு... எல்லாம் எடுத்துட்டேனுங்க. மீட்டரு, ஒயரு, பியூஸு, க்ரிம்பிங் டூலு... ஏனுங்க? எதுக்குச் சிரிக்கறீங்க?... அம்மாகிட்டயா? அம்மா முன்னாடி சீட்டுலங்க... சரி, தர்றேன்... ஏனுங்கக்கா, இந்தப் போனை அப்படியே முன்னாடி குடுங்க, அந்தப் பச்சைச் சேலை அம்மாகிட்ட. ஆங், அவங்கதான்."

பாருங்ணா. வேலை செய்யறவன் நானு, பேசறது அம்மாகிட்ட. அம்மா சேலைத்தலைப்பை வாயில பொத்திட்டு என்ன பேசறாங்கன்னு பாருங்க. ஸ்பீக்கரைப் பத்தி அம்மாவுக்கு என்ன தெரியுமுங்க? ஆர்எம்எஸ்னா என்னன்னு கேட்டா...

என்னங்ணா?

அம்மாவைப் பாக்கச் சொல்றீங்களா? பாத்துட்டுத்தானே இருக்கேன். பச்சைச் சேலை. ஆமா... பட்டுச் சேலைதானுங்க. தலையில பூ. மடியில பை. பையில... வெத்தலை மாதிரித்தான் தெரியுது. தேங்காய், பழம். ஆருட்டுக்குப் போனாலும் வெறுங்கையோட போகக்கூடாதுன்னாங்க.

ஆருட்டுக்குப் போனாலுமா? இல்லீங்க. பெரியம்மா ஊட்டுக்குப் போனப்பக்கூட வெறும் முறுக்குதான் கொண்டு போனாங்க.

சிரிக்காதீங்ணா. சித்தெ இருங்க. சித்தெ இருங்க.

எலிக்கு எப்படிங்க ஸ்க்ரூடிரைவர் கெடைக்கும்?

அந்த ஹேர்பின்னு... அவங்க தலையில அதே மாதிரி கறுப்பு ஹேர்பின்னுதானுங்க. ஜாலி ஓட்டை சின்னதுங்க. ஹேர்பின்னை நெட்டுக்குத்தாப் புடிச்சு, குறி பாத்து, விட்டாத்தான் போகும்.

ஐயோ அண்ணா. பேஸை ஒவ்வொரு வாரமும்... எளநி. அண்ணா, அந்த எளநி ரெண்டுல ஒண்ணு எனக்குங்களா?

இல்லீங்க, இருக்காது. அவங்க டாக்டருங்க. நான் பத்தாவதோட நின்னவன். டிஸ்டிங்ஷனெல்லாம் அவங்க வாங்குனது, நான் வாங்குனது பியூஸுக் கட்டும் ஒயரும்தான். அவங்க எதுக்குங்க வந்து... சித்தெ பையப் புடிச்சுக்குங்க. அம்மாகிட்டக் கேட்டுட்டு வந்தர்றேன்.

...

வந்துட்டேனுங்க.

கேட்டேன். "அம்மா, நாம எதுக்குப் போறோம்?"னு. "ஸ்பீக்கர் பாக்கத்தான். நீ ஸ்பீக்கரைப் பாரு, நாங்க பெரியவங்க பேசிக்கறோம்"னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. விடலை நானு. ஏம்மா என்றகிட்ட முன்னாடியே சொல்லலைன்னேன். பஸ்ஸுல எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றாங்க: "போன தடவை பொண்ணு பாக்கப் போறோம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். நீ வேத்து விறுவிறுத்து, பொண்ணு காப்பி கொண்டாறதுக்குள்ள அவங்கூட்டு டிவி ஸ்பீக்கரைக் கழட்டி நடுவூட்டுல பரப்பி வெச்சுட்டே. அதனாலதான் இந்தத் தடவை சொல்லலை."

உண்மைதானுங்க. அதுல ட்வீட்டருக்குப் போற ஒயரு விட்டுப் போயிருந்துது. என்னால பாத்துட்டுச் சும்மா இருக்க முடியலை. அந்தப் பொண்ணு காப்பித் தட்டோட வந்து, கால் வெக்க எடமில்லாம நின்னுட்டிருந்துது. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி வந்த எடத்துல, "பாட்டுப் பொட்டிக் கடையா?"ன்னு கேட்டுட்டு எழுந்தே போயிட்டாங்க. அதுக்கப்பறம் நானே அம்மாகிட்ட இந்தப் பேச்சே எடுக்காதீங்கன்னு சொல்லிப்போட்டேன். ஆராச்சும் பொண்ணு வந்து நின்னா, இது வண்டிக்கு வந்திருக்குதுன்னு மட்டும் நெனைச்சுப் பழகிட்டேனுங்க. அது வசதியா இருந்துது.

அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. அன்னிக்கு அடுப்படியில டாக்டரம்மா சொன்னாங்களாம்: "உங்க பையன் மெசின் பேசறதைக்கூட அத்தனை பொறுமையாக் கேக்கறாருங்க. மனுசி பேசறது மட்டும் அவருக்கு எட்ட மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்." அம்மா அதுக்கு, "அவனுக்குச் சொன்னாப் புரியாது கண்ணு, ஊட்டுக்கு வரச் சொல்லு"ன்னாங்களாம். மாட்டுக்கு ஊசி போட வந்த எடத்துல இத்தனையும் நடந்திருக்குது, நான் வாசல்ல ட்வீட்டரைத் திருப்பிட்டு நின்னிருக்கேன்.

அண்ணா, என்னையக் கொஞ்சம் பாருங்க. சட்டை நல்லாருக்குதுங்களா? புதுசுதான், ஆனா நீலச் சட்டையப் போட்டிருக்கலாம். தலை கலைஞ்சிருக்குதா? நின்னுட்டே வந்ததுல சட்டையும் கசங்கிப்போச்சு. இந்த மெக்கானிக் வாசம் வேற.

அவங்கப்பா ரிட்டையர்டு வாத்தியாருன்னு சொல்லியிருக்காங்க. அவரு என்னைய என்ன கேப்பாருங்க? கேள்வி கேட்டா எனக்குப் பதில் தெரியுமா? அம்மா பேசிக்குவாங்க. ஆமா, அம்மா பேசிக்குவாங்க. ஆனா அவங்க? அவங்ககூட நான்தானே பேசோணும்?

ஊருக்குள்ள வந்துட்டோமுங்களே. இந்த டிரைவரு இத்தனை நேரம் ஊந்துட்டு வந்தவரு, இப்பப் பறக்கறாரு. அதா, ஸ்டாண்டு. அதா அந்தச் செவப்புக் காரு. தொடச்சு வெச்சிருக்காங்க, செம்மண்ணே இல்லீங்க. பக்கத்துல நிக்கறது அவங்கதான். சேலை கட்டியிருக்காங்க. நான் இதுவரைக்கும் அவங்களைச் சேலையில பாத்ததே இல்லீங்ணா. இல்ல, பாத்திருப்பேனோ என்னமோ. கவனிச்சதில்லை.

அம்மா எறங்கத் தயாராயிட்டாங்க. அண்ணா, நீங்க பெரியவரு, விவரம் தெரிஞ்சவரு, சீக்கிரம் சொல்லுங்க. மொதல்ல என்னங்க பேசறது? வாட்ஸு, ஓமு இல்லாம எனக்குப் பேச வராதுங்க. ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க, மனப்பாடம் பண்ணிக்கறேன். வண்டி நிக்கப் போகுது.

என்னது? "நல்லாருக்கீங்களா"ன்னா? அவ்வளவுதானுங்களா? அது போதுமுங்களா?

அண்ணா... இத்தனை வாரத்துல அதை ஒருக்காக்கூட நான் அவங்களைக் கேக்கலையேங்க.